கை கொடுக்கும்போது முகமும் கொடுக்கட்டும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய வழியில் வாழ்ந்த, வாழ்கின்ற அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

இன்று பெரிய சட்டப் பிரச்சினை எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னக் கேள்விதான். நாம் ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கிறோம். அது ஒரு குவளைக் கஞ்சியாக இருக்கலாம், நூறு ரூபாயாக இருக்கலாம், ஜகாத் பணமாக இருக்கலாம். கொடுக்கிற அந்த நேரத்தில் நம் முகம் எப்படி இருக்கிறது?

கை கொடுத்துவிட்டதே, முகத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ரமலானில் அல்லாஹ் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தவறு செய்த கதை அது.

ஒரு தூக்குவாளி

பல வருடங்களுக்கு முன்பு நான் வேறொரு மஹல்லாவில் இருந்தேன். ரமலான் மாதம். அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். நமது மதுரையில் உங்களுக்குத் தெரியும், கஞ்சி வாங்க முஸ்லிம்கள் மட்டும் வருவதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு என்று பக்கத்துத் தெருவில் இருந்து மற்றச் சமுதாயத்து மக்களும் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அன்று கூட்டம் அதிகம். கஞ்சி ஊற்றும் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நானே அகப்பையைக் கையில் எடுத்தேன். நோன்புக் களைப்பு வேறு.

வயதான ஒரு நன்னிம்மா தூக்குவாளியோடு வந்தார். ஊற்றினேன். கால் மணி நேரம் கழித்து அதே நன்னிம்மா, அதே தூக்குவாளி, மறுபடியும் வரிசையில் நிற்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க? ஒருத்தருக்கு ஒரு தடவைதான்னு தெரியாதா? பின்னாடி நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுக்கொண்டே கஞ்சியை ஊற்றியும் விட்டேன். ஊற்றாமல் அனுப்பவில்லை. ஆனால் அந்த நன்னிம்மா தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

நோன்பு திறக்கும்போது அந்த வாளி அங்கேயே இருந்தது. கஞ்சியில் ஆடை படிந்திருந்தது. பேரீச்சம்பழம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

விசாரித்துக்கொண்டு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. "நன்னிம்மா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சொன்னார்: "நான் ரெண்டு தடவை வந்தது தப்புதான் ஹஜ்ரத். ஒண்ணு நோன்பு திறக்க, இன்னொண்ணு ஸஹருக்கு. நீங்க சத்தம் போட்டதுகூடப் பரவாயில்ல. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்களே, அதுதான்."

சகோதரர்களே! கஞ்சி ஊராருடையது. அரிசி யாரோ கொடுத்தது, கறி யாரோ கொடுத்தது. என்னுடையது என்று அன்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் முகம். அதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

பார்க்க முடியாதவர் முன் சுளித்த முகம்

திருக்குர்ஆனில் எண்பதாவது அத்தியாயம் ஸூரா அபஸ. அந்தப் பெயரின் பொருளே முகம் சுளித்தார் என்பதுதான். அது இறங்கிய பின்னணியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மக்காவின் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஏற்றுக்கொண்டால் ஊரே ஏற்றுக்கொள்ளும் என்ற ஆவல். அந்த நேரத்தில் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, தமக்குக் கற்றுத் தருமாறு இடையில் கேட்டார்கள். பேச்சு தடைப்பட்டதால் நபியவர்களின் முகத்தில் ஒரு சிறு சுளிப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல்கூட அவர்கள் சொல்லவில்லை.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். வந்தவர் பார்வையற்றவர். நபியவர்களின் முகம் சுளித்ததை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அவர் மனம் புண்பட அங்கே வழியே இல்லை. ஆனாலும் அல்லாஹ் அதை விடவில்லை. தன் ஹபீபைக் கண்டித்து வசனம் இறக்கினான். கியாமத் நாள் வரை தொழுகையில் ஓதப்படும்படி அதை வைத்தான்.

ஏன்? அந்த மனிதர் பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்த்தான். நாம் ஒரு எளியவரைப் பார்த்து முகம் சுளிக்கும்போது அந்தச் சுளிப்பு அவரைச் சேர்கிறதோ இல்லையோ, அல்லாஹ்விடம் சேர்ந்துவிடுகிறது. பாவமே செய்யாத நபிக்கே இந்தக் கண்டிப்பு என்றால், வரிசையில் நின்ற ஒரு கிழவியை எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஏசிய என் நிலை என்ன?

அதன் பிறகு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த மரியாதையையும் சேர்த்துப் பாருங்கள். மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. நபியவர்கள் வெளியூர் செல்லும்போது தமது இடத்தில் அவர்களைப் பொறுப்பாக நியமித்துவிட்டுச் சென்றதும் உண்டு. ஒரு கணம் திரும்பிய முகம், பிறகு வாழ்நாள் முழுதும் அவர் பக்கமே திரும்பியிருந்தது. தவ்பா என்பது வாயால் சொல்வது மட்டுமல்ல என்று இதிலிருந்து விளங்குகிறது.

நம் ஊர்க் கதைகள் மூன்று

நல்ல காரியத்தை யார் செய்தாலும் அதிலிருந்து பாடம் படிக்க நமக்கு அனுமதி இருக்கிறது. நபித்துவம் கிடைப்பதற்கு முன்பு, அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்போம் என்று மக்காவாசிகள் செய்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்திலும் மெச்சினார்கள். இஸ்லாம் வந்த பிறகு அப்படி ஒன்றுக்கு அழைத்தாலும் தாம் போவதாகச் சொன்னார்கள். அந்த உரிமையில் நம் மதுரையைச் சேர்ந்த மூவரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்தார். பிறகு மருத்துவம் படித்தார். கர்ப்பிணிகள் பிரசவத்தில் இறப்பதைச் சிறு வயதிலேயே உறவுக்குள் பார்த்தவர், அதனால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே முடியாத நிலை. 1948-ல் ராணுவப் பணியும் போயிற்று. ஆசைப்பட்ட மருத்துவப் பிரிவின் கதவு அடைபட்டது.

அவர் கண் மருத்துவம் படித்தார். தம் கோணல் விரல்களுக்கு ஏற்றபடி அறுவைக் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1956 முதல் இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், அன்று எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, கண் பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1976-ல், 58 வயதில், அரசுப் பணியில் இருந்து ஓய்வு. எல்லோரும் சாய்வு நாற்காலி வாங்கும் வயதில் அவர் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமாவதற்குள் அந்தக் கோணல் விரல்களால் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். கஷ்டத்தோடு இலேசும் இருக்கிறது என்று அல்லாஹ் 94-ஆவது அத்தியாயத்தில் இரண்டு முறை சொல்வதை நாம் ஓதுகிறோம். கதவு அடைபட்ட இடத்திலேயே உட்கார்ந்து அழுகிறவனுக்கு அந்த இலேசு கண்ணில் படுவதில்லை.

இதில் நமது தலைப்புக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே இலவசப் பிரிவுக்குப் போவதா, கட்டணப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். நீ ஏழைதானா, சான்றிதழ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பிரிவிலும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறிப் பார்க்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக்கார அம்மா ஒருவர் தம் வறுமையை நாலு பேர் முன்னால் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. கண்புரை அறுவை செய்தவருக்குக் கட்டு அவிழ்க்கும்போது அவர் கண்ணில் முதலில் படுவது எதிரே நிற்பவரின் முகம்தான். பல வருடம் கழித்துப் பார்க்கும் முதல் முகம் சுளித்த முகமாக இருந்தால் எப்படி இருக்கும்?

இரண்டாமவர் ராமு தாத்தா. அண்ணா பேருந்து நிலையம் பக்கம் போனவர்களில் பலர் அவரிடம் சாப்பிட்டிருப்பீர்கள். 1967-ல் ஒன்றேகால் ரூபாய்க்குச் சாப்பாடு போடத் தொடங்கியவர், விலைவாசி எங்கேயோ போன பிறகும் 10 ரூபாய்க்குத்தான் போட்டார். 2020-ல், தொண்ணூறு வயதைக் கடந்து காலமானார்.

அந்த 10 ரூபாயைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அதில் லாபம் இல்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாயை நீட்டுகிற கூலித் தொழிலாளி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர், மாணவர், இவர்கள் எவரும் அங்கே கை ஏந்தி நிற்கவில்லை. காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றுங்கள் என்று கேட்கும் உரிமையோடு சாப்பிட்டார்கள். பசியும் போயிற்று, மானமும் நின்றது. பகரா அத்தியாயத்தின் 263, 264 வசனங்களில் அல்லாஹ் இதைத்தான் சொல்கிறான். கொடுத்துவிட்டுப் புண்படுத்துவதைவிட நல்ல வார்த்தையும் மன்னிப்பும் மேல் என்கிறான். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களை நீங்களே பாழாக்காதீர்கள் என்கிறான். வழவழப்பான பாறை மேல் படிந்த மண்ணை மழை வந்து அடித்துக்கொண்டு போவதை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறான். நமது யானைமலையில் மழை பெய்து ஓய்ந்த பிறகு பாறை கழுவிவிட்டதுபோல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அதுதான். தர்மம் செய்தோம் என்று நினைத்திருப்போம். மறுமையில் போய்ப் பார்த்தால் வெறும் பாறை.

மூன்றாமவர் பூரணம் அம்மாள். வங்கி ஊழியர். அன்பு மகளைப் பறிகொடுத்த தாய். 2024 ஜனவரியில், ஒத்தக்கடையை அடுத்த கொடிக்குளம் அரசுப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காகத் தம் நிலம் 1 ஏக்கர் 52 சென்ட்டை எழுதிக் கொடுத்தார். மதிப்பு ஏழு கோடி ரூபாய் என்றார்கள். அவர் கேட்டது ஒன்றுதான், அந்தக் கட்டடத்துக்கு மகள் ஜனனியின் பெயரை வைக்க வேண்டும்.

ஆதமுடைய மகன் இறந்துவிட்டால் மூன்றைத் தவிர அவனது அமல்கள் நின்றுவிடுகின்றன என்ற நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை. பிள்ளைக்காகச் சேர்த்ததைப் பிள்ளை போன பிறகு பூட்டி வைத்துக்கொண்டு அழுபவர்கள் உண்டு. இவர் அதை ஊர்ப் பிள்ளைகளின் கல்வியாக மாற்றினார். துக்கம் போய்விட்டதா என்றால் போகாது. ஆனால் துக்கத்துக்கு ஒரு வாசல் திறந்தது.

வாய்க்கால் தண்ணீருக்குச் சொந்தக்காரர் அல்ல

கொடுக்கிறவர் முகம் ஏன் சுளிக்கிறது? என்னுடையது போகிறது என்ற எண்ணத்தால்தான். ஹதீத் அத்தியாயத்தின் ஏழாவது வசனத்தில், எதற்கு உங்களை அல்லாஹ் பொறுப்பாளர்களாக ஆக்கினானோ அதிலிருந்து செலவு செய்யுங்கள் என்ற கருத்து வருகிறது. சொந்தக்காரர் அவன். நாம் பொறுப்பாளர்கள்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போக இருந்த தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது. வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதான வாய்க்கால் வழியாக மேலூர் வரை போகிறது. எத்தனை வயல் விளைகிறது! வாய்க்கால் எந்த வயலிடமாவது என்னால்தான் நீ விளைந்தாய் என்று சொல்லிக்காட்டியது உண்டா? தண்ணீர் அதனுடையது அல்ல. ஆனால் தண்ணீர் ஓடும் வரைக்கும் வாய்க்காலும் குளிர்ந்துதான் கிடக்கிறது, அதன் கரையில் புல் முளைக்கிறது, பறவை வருகிறது. தண்ணீர் ஓடாத வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது. அதில் சேர்வது குப்பைதான்.

ஈமானும் இரக்கமும் மகிழ்ச்சியும் தனித்தனி மூன்று அல்ல என்று இங்கே விளங்குகிறது. இது அல்லாஹ்வுடையது என்று நம்புகிறவனால்தான் சொல்லிக்காட்டாமல் கொடுக்க முடியும். சொல்லிக்காட்டாமல் கொடுப்பவனுக்குத்தான் கொடுத்ததில் நிம்மதி இருக்கும். நன்றியை எதிர்பார்த்துக் கொடுத்தவன் வாழ்நாள் முழுக்க, அவனுக்கு அவ்வளவு செய்தேன், எதிரே வந்தால் சலாம்கூடச் சொல்வதில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பான். இன்ஸான் அத்தியாயத்தில், உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை என்ற எண்ணத்தில் இருப்பவர்களை அல்லாஹ் புகழ்கிறான். அவர்களுக்கு முகப்பொலிவையும் மனமகிழ்ச்சியையும் தருவதாகவும் அதே இடத்தில் சொல்கிறான். முகத்தைக் கொடுத்தவருக்கு முகத்திலேயே கூலி!

நபியவர்களின் வீட்டில் ஒருமுறை ஆடு அறுத்தார்கள். எது மிச்சம் இருக்கிறது என்று கேட்டபோது, சப்பைக் கறி மட்டும்தான் மிச்சம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். மற்றது எல்லாம் தர்மமாகப் போயிருந்தது. நபி (ஸல்) அவர்களோ, சப்பையைத் தவிர மற்றது எல்லாம் மிச்சம் இருக்கிறது என்று திருத்தினார்கள். திர்மிதியில் வரும் செய்தி. கணக்கை எப்படித் தலைகீழாக மாற்றிவிட்டார்கள் பாருங்கள். நாம் தின்றது தீர்ந்தது. கொடுத்ததுதான் இருக்கிறது.

மனம் சிரிக்காதபோது முகம் சிரிப்பது நயவஞ்சகமா?

இதை ஒருமுறை பேசியபோது, தொழுகை முடிந்து ஒரு தம்பி வந்தார். பட்டறையில் வேலை செய்பவர். "ஹஜ்ரத், உள்ளுக்குள்ள எரிச்சலா இருக்கு, கடன் தொல்லை இருக்கு. வெளிய மட்டும் சிரிச்சா அது முனாஃபிக் வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையாக வாழ நினைக்கிறவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

தம்பிமார்களே! முனாஃபிக் என்பவன் கெடுதலை மறைத்துக்கொண்டு நல்லவனாக நடிப்பவன். எதிரே இருப்பவரை ஏமாற்றுவது அவன் நோக்கம். நம் களைப்பு இன்னொருவரைக் காயப்படுத்திவிடக் கூடாது என்று அதை மறைப்பதற்குப் பெயர் பொறுமை. இரண்டும் ஒன்றல்ல.

புகாரியில் ஒரு செய்தி. ஒருவர் நபியவர்களைச் சந்திக்க அனுமதி கேட்டார். அவர் தம் கூட்டத்தில் மோசமானவர் என்று நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். ஆனால் அவர் உள்ளே வந்ததும் முகமலர்ச்சியோடு பேசினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஆச்சரியம். பிறகு கேட்டார்கள். எவருடைய தீங்குக்குப் பயந்து மக்கள் விலகிப் போகிறார்களோ அவரே மனிதர்களில் கெட்டவர் என்று நபியவர்கள் விளக்கம் தந்தார்கள். நான் அப்படிப்பட்டவனாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

மனத்தின் மகிழ்ச்சி நம் கையில் இல்லை. அல்லாஹ் தருவது அது. முகம் நம் கையில் இருக்கிறது. மனம் ஒன்றும் வரை காத்திருந்து நாம் தொழுவதில்லையே. பாங்கு சொன்னதும் எழுந்து நிற்கிறோம். நின்ற பிறகு மனம் மெதுவாக வந்து சேர்கிறது, சில நாட்கள் வருவதில்லை, ஆனாலும் தொழுகிறோம். முகமும் அப்படி ஓர் அமல்தான். சகோதரன் முகத்தைப் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மம் என்று நபியவர்கள் கற்றுத்தந்தது அதனால்தான். காசு இல்லாதவனும் செய்யக்கூடிய தர்மம் அது.

ஆனால் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. தம் சிறு மகன் இப்ராஹீம் உயிர் பிரிந்தபோது நபியவர்கள் கண்ணீர் விட்டார்கள். அதை இரக்கம் என்றார்கள். துக்க வீட்டில் போய், ஈமான் இருந்தால் அழக் கூடாது என்று சொல்பவர் சுன்னத்தை அறியாதவர். மனச்சோர்வில் விழுந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, உனக்கு ஈமான் குறைவு என்று சொல்வதும் அப்படித்தான். அவருக்கு முதலில் தேவை பக்கத்தில் உட்காரும் ஒரு மனிதர். மருத்துவரும் தேவைப்படலாம். மகிழ்ச்சியை அடுத்தவர் மேல் கடமையாக்க வேண்டாம். நம் முகமலர்ச்சியை அவருக்குக் கொடுப்போம்.

ஏமாற்றுகிறவர்கள் வந்தால்?

இன்னொரு கேள்வியும் வரும். ரமலானில் வருகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறார்களே ஹஜ்ரத் என்பார்கள். சிலர் பொய் சொல்லலாம். முந்தைய சமுதாயத்தில் ஒருவர் இரவில் தர்மம் கொடுத்தார். அது திருடன் கையில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கொடுத்தது விபச்சாரியின் கையில், அதற்கடுத்த நாள் பணக்காரன் கையில். ஊர் சிரித்தது. ஆனால் அவருடைய தர்மம் வீணாகவில்லை என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. திருடன் திருட்டை விடலாம், அவள் அந்தத் தொழிலை விடலாம், பணக்காரன் படிப்பினை பெற்றுத் தானும் கொடுக்கலாம். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி உள்ளது.

ஜகாத்துக்கு மட்டும் விசாரணை வேண்டும். உரியவருக்குப் போக வேண்டிய ஹக்கு அது. ஆனால் விசாரிப்பது வேறு, விசாரணைக் கைதியாக நிறுத்துவது வேறு. ஜமாஅத்தில் இருவர், மஃக்ரிபுக்குப் பிறகு அமைதியாக வீட்டுக்குப் போய், நலம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டு வரலாம்.

இன்றிலிருந்து நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கொடுக்கும்போது போனைப் பையில் வையுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிற பெண்ணை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்தப் படத்தை அவர் மகளின் வகுப்புத் தோழி பார்ப்பாள். கணக்குக் காட்ட வேண்டும் என்றால் மூட்டையைப் படம் எடுங்கள், மனிதரை வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுத்தவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று கேட்டிருக்கிறோமே, ஊர் முழுக்க அறிய வைப்பதற்கு எந்த நிழலைத் தேடுவது?

இரண்டாவது, இல்லை என்று சொல்லும்போதும் முகம் கொடுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் திருப்பி அனுப்ப நேர்ந்தால் மென்மையான வார்த்தையாவது சொல்லும்படி பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 28-ஆவது வசனம் கற்றுத்தருகிறது. யாசிப்பவரை விரட்டாதீர் என்று ளுஹா அத்தியாயமும் சொல்கிறது. இன்று இந்தப் பள்ளியின் வாசலில் நிற்பவர்களிடமும்தான். "இன்னிக்கு இல்லம்மா, துஆச் செய்யுங்க" என்று முகம் பார்த்துச் சொல்ல ஒரு நொடி போதும்.

மூன்றாவது, கடன் கொடுத்தவர்கள். கடன் வாங்கியவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் சொல்கிறான். அவகாசம் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் ஜாடை பேசாதீர்கள்.

நான்காவது, வீடு. வெளியே சிரித்துக்கொண்டிருக்கும் நம் முகம் செருப்பைக் கழற்றும்போதே கழன்றுவிடுகிறது. அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு தடவைகூட அவர்களை நபியவர்கள் 'சீ' என்று சொன்னதில்லை. நம் கடையில் நிற்கும் பையன் பத்து நாளில் எத்தனை 'சீ' கேட்கிறான்? நம் மனைவி, நம் வயதான அத்தா, அம்மா எத்தனை கேட்கிறார்கள்?

முடிவாக

அந்த நன்னிம்மா அதற்குப் பிறகும் கஞ்சிக்கு வந்தார். மறுநாளே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். நான் எதுவும் பேசவில்லை. சிரித்தேன், தூக்குவாளியை வாங்கினேன், கழுத்து வரை ஊற்றினேன். அந்த வருடம் முதல் கஞ்சி ஊற்றும் இடத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். ஸஹருக்கும் வேண்டும் என்பவர்கள் தனியாகக் கேட்கத் தேவையில்லை, பெரிய பாத்திரமாகக் கொண்டுவந்தால் போதும். அரிசி கூடுதலாக எவ்வளவு ஆயிற்று? தினம் சில படி. இத்தனை வருடமாக அந்தச் சில படி அரிசிக்காகத்தான் நாங்கள் மனிதர்களின் முகத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சில வருடம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. நான் வேறு ஊரில் இருந்தேன், ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. மறுமையில் அவர் என்னைப் பார்க்கும்போது அந்த முதல் நாள் முகத்தை நினைவில் வைத்திருக்கக் கூடாதே என்று இன்றும் துஆச் செய்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நன்னிம்மா, ஒரு தம்பி, ஒரு வேலைக்காரர் இருக்கலாம். அவர் இன்னும் உயிரோடு இருந்தால், இன்று அஸருக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்குக் கொடுத்ததை எங்களுடையது என்று நினைத்து ஏமாந்த எங்களை மன்னிப்பாயாக. எங்கள் கைகளில் தாராளத்தையும், எங்கள் நாவுகளில் மென்மையையும், எங்கள் முகங்களில் மலர்ச்சியையும் தருவாயாக. நாங்கள் புண்படுத்தியவர்களின் உள்ளங்களை ஆற்றுவாயாக. கடனிலும் நோயிலும் துக்கத்திலும் இருக்கும் எங்கள் மஹல்லா மக்களுக்கும், எங்கள் ஊரின் எல்லாச் சமுதாய மக்களுக்கும் இலேசைத் தருவாயாக. பல முகங்கள் கறுத்துப்போகும் அந்த நாளில் எங்கள் முகங்களை ஒளியுள்ளவையாக ஆக்குவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.